மற்றவை

நுஸ்கியாவின் கையெழுத்து இடப்பக்கம் சாயும்.
கூட்டின் வாயில் ஒட்டிய தாளில்
"இவளுகளுக்குப் பசி. மறக்காத" என்று
வெள்ளிக்கிழமை எழுதிவிட்டுப் போனாள்.
ஞாயிறு, காசல் வீதி ஆஸ்பத்திரியில்
பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

இன்று செவ்வாய்.
பூச்சியறையில் இருபத்தேழு பாகை, ஈரப்பதன் எண்பது.
வெளியே தேர்ஸ்டன் வீதியில் மழை
விழவா வேண்டாமா என்று நிற்கிறது.
செயற்கை ஊட்டிக்கு ஒரு பாகம் மாற்ற வேண்டும்;
மாசியில் கொடுத்த விண்ணப்பம்
மூன்று மேசை தாண்டி நாலாவதில் கிடக்கிறது.
ஆகவே
கூட்டின் துணிக்குழாய்க்குள் இடக்கையை விடுகிறேன்,
முழங்கை வரை.

பதினைந்து நிமிடம்.
ஆண்கள் மூலையில், சீனித்தண்ணீர்ப் பஞ்சைச் சுற்றி.
வருபவை எல்லாம் பெண்கள்.
முதல் ஊசி தெரியும். பதினேழாவது தெரியாது.
வயிறு சிவந்து, கனத்து, பறக்கப் பஞ்சிப்பட்டு
வலையில் குந்திக்கொள்கின்றன.
வலக்கை எண்ணிக்கொண்டே இருக்கிறது.

வெள்ளவத்தை அறைவீட்டு அன்ரி
கைத் தழும்புகளைப் பார்த்து
"பிள்ளை, நுளம்புவலை போட்டுப் படுக்கக்கூடாதே" என்கிறார்.
போன மாதம் அவருடைய குரோட்டன் சாடித் தட்டில்
குடம்பி கண்டு பி.எச்.ஐ. சிவப்புத் தாள் ஒட்டிப் போனவர்.
மாடியறைக்காரி
கம்பஸில் எண்ணாயிரம் வளர்க்கிறாள் என்று
எப்படிச் சொல்ல?
"படிக்கிறன் அன்ரி."
"இன்னுமோ?"

இந்தக் கூட்டத்தின் ஆதித்தாயை
நுஸ்கியா பிடித்தது தெமட்டகொடையில்,
தன் மாமியின் பின்வளவில், ஒரு வான் டயருக்குள்.
ஊட்டு விஷயத்த வெளிய சொல்லாத, என்றார் மாமி.
இரண்டு மாநாட்டில் சொன்னாள், ஒரு கட்டுரையில் சொன்னாள்,
புகைமருந்துக்குச் சாகாதவை எத்தனை வீதமென்று
வரைபு கீறிச் சொன்னாள்.
ஒவ்வொரு தலைமுறைக்கும் மருந்து.
ஒவ்வொரு தலைமுறையிலும் மிஞ்சியவளின் பிள்ளைகள்.
இது நாற்பத்தொன்று.
ஒன்று அறுந்தாலும் திரும்ப டயரிலிருந்து.

விடுப்புப் படிவத்தில் மூன்று பெட்டிகள்:
நோய். களப்பணி. மற்றவை.
ஆராய்ச்சி மாணவர் ஊழியர் அல்லர்;
அவர்களுக்குப் பிரசவம் என்றொரு பெட்டி
அச்சுக்குப் போகவில்லை.
மற்றவையில் சரி போட்டு
விபரம் என்ற கோட்டின் மேல்
"ஒரு ஆள் வருகிறார்" என்று எழுதினாள்.
கந்தோரில் தினுஷி மொழிபெயர்க்கக் கேட்டுச் சிரித்தாள்,
பிறகு சிரிக்காமல் முத்திரை குத்தினாள்.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் போனது.
ஈரமூட்டி நின்றதுதான் முதலில் காதில் விழுந்தது.
ஜெனரேற்றர் பீடாதிபதியின் மாடிக்கு மட்டும்.
ஈரத்துவாய்களால் கூடுகளைப் போர்த்தினேன்.
எண்பது எழுபதானது, அறுபத்திரண்டானது.
அடிவலையில் ஒன்றிரண்டு கால் மடக்கின.
ஆஸ்பத்திரிக்கு எடுக்கக்கூடாது என்று நினைத்தபடியே எடுத்தேன்.

பின்னால் குழந்தை வீரிட,
"பயப்புடாத. கீழ் லாச்சில என்வலப் ஒண்டு ஈக்கி."

இருந்தது.
உள்ளே வடிதாள் கீற்றுகள், காய்ந்து சுருண்டு,
பேனாமுனை தட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள்.
உறையில் பென்சிலால்:
நாற்பத்தொன்று, மேலதிகம். ஆறு மாதம் தாங்கும்.
ஆறின் கீழே இரண்டு கோடு.

ஒரேயொரு கீற்றை எடுத்தேன்.
ஐஸ்கிறீம் டப்பாவில் தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட்.
போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி
ஸ்டூலில் இருந்தேன்.
மழை ஒருவழியாக முடிவெடுத்து விழுந்தது.

ஐம்பது நிமிடத்தில் ஒரு புள்ளி நெளிந்தது.
பிறகு இன்னொன்று.
வீடியோ எடுத்து அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. இதயக்குறி ஒன்றுமில்லை:
"கொப்பியில எழுதினியா?"

எழுதினேன்.
திகதி. நேரம் ஆறு ஐம்பத்தைந்து.
பொரித்தவை ஏழு.
வெப்பநிலை: தெரியாது, கரண்ட் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
நுஸ்கியாவின் பெயரை முதலிலும்
என் பெயரை இரண்டாவதாகவும் போட்டேன்.