கறுப்பு தீர்ந்த வாரம்

பாங்காக்கில் கறுப்புத் துணி தீர்ந்துவிட்டது.
பாலத்தடியில் அண்டா ஏற்றினாள் புன்மா;
கூலி வேண்டாம்,
ஆளுக்கொரு பிடி உப்பு போதும் என்றாள்.

பள்ளிக்கூடப் பாவாடை, கால்பந்துச் சட்டை,
ஒரு கல்யாண உடை.
‘சுருங்குமா?’ மூன்று தரம் கேட்டுவிட்டாள்
அதன் சொந்தக்காரி.

மஞ்சள் சட்டைக்காரரும் சிவப்புச் சட்டைக்காரரும்
இதே தெருவில் செருப்பு வீசிக்கொண்டவர்கள்.
ஒரே கொதியில் இறங்கின இரண்டும்.
அழுதவர்கள் அழுதார்கள்.
ஐஸ் தேநீர் உறிஞ்சியபடி ஒருவன்
மன்னர் முகம் பொறித்த சில்லறையை
இரண்டு தடவை எண்ணினான்.

ஊர்வல நாள். சாலை நெடுக இருட்டு.
மண்டியிட்ட முதுகுகளையே பார்த்திருந்தாள் புன்மா:
தையல் நூலில் சாயம் ஏறவில்லை.
ஒரு தோள் விளிம்பில் சிவப்பு,
உரசிக்கொண்டு பக்கத்திலேயே மஞ்சள்.

முழுக் கறுப்பு
அவள் கைகள்தான்,
முழங்கை வரை.