இருபத்திரண்டு சென்டிமீட்டர்

காலை ஆறு மணிக்குக்
கடலில் துளை போடுவது என் உத்தியோகம்.
ஹியுமா தீவுக்கும் எஸ்டோனியக் கரைக்கும் நடுவில்
குளிர் கெட்டிப்பட்டால் கடலே சாலை.
நூறு மீட்டருக்கு ஒரு துளை, ஒரு அளவுகோல், ஒரு பதிவேடு.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் இருந்தால்
கார்களை விடலாம்.
இருபத்தொன்று என்றால் தடுப்புக்கட்டை.
கெஞ்சுவார்கள். மகளுக்குப் பிரசவம் என்பார்கள்.
நான் இளகியதில்லை.

ராய்வோவை மட்டும்
அளக்கவே இல்லை.

நாலு நாள் போனை எடுக்க மாட்டான்.
ஐந்தாம் நாள் விடியலில்
செய்தித்தாளில் சுற்றிய புகைமீன்
என் கதவுக் கைப்பிடியில் தொங்கும்,
இன்னும் சூடாக.
அந்தச் சூட்டைத்தான்
அவன் என்று நினைத்தேன்.

பனியைத் துளைத்துத் தூண்டில் போடுகிறவர்களைப்
பல வருஷமாகப் பார்க்கிறேன்.
போட்டவுடன் மீன் கடித்தால்
வாளி நிறைந்ததும் கிளம்பிவிடுகிறார்கள்.
ஒன்றுமே கடிக்காவிட்டாலும் கிளம்பிவிடுகிறார்கள்.
எப்போதாவது கடிக்கிறதே,
அந்தத் துளையருகில்தான்
விரல் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவனுக்கு முன்னால் யூலார்.
யூலாருக்கு முன்னால் கப்பலில் வேலை பார்த்த ஒருவன்;
பெயரைச் சொன்னால் அவன் தங்கை வருத்தப்படுவாள்.
மூன்று முகம், மூன்று ஊர்.
கதவைச் சாத்தும் சத்தம் மட்டும் ஒன்று.
"உனக்கென்று எங்கிருந்துதான் கிடைக்கிறார்களோ"
என்றாள் சலவைக்கடை மால்லே.
கிடைப்பதில்லை, மால்லே.
கூடத்தில் முப்பது பேர் ஆடிக்கொண்டிருந்தாலும்
முதுகைக் காட்டி நிற்கும் ஒருவனை
என் காது தேடிப் பிடித்துவிடும்.

காது என்றுதான் சொன்னேன்.
ஏழு வயதில்
அப்பாவின் பூட்ஸ் மரப்படியேறும் ஓசையை வைத்தே
அன்றைய இரவைச் சொல்லிவிடுவேன்.
இரண்டாம் படியில் நின்றால்
தம்பியை இழுத்துக்கொண்டு விறகறைக்கு ஓட்டம்.
நிற்காமல் ஏறினால்
சட்டைப்பையில் மிட்டாய் இருக்கும்.
அதைப்போல் இனித்தது
பிறகு எதுவுமில்லை.
பனி விரிசல்விடும் ஒலியை
இந்தக் கரையில் என்னைவிட முன்னதாகக் கேட்பவர் யாருமில்லை;
அலுவலகத்தில் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள்.

பனிச்சாலையில் சீட் பெல்ட் போடக்கூடாது.
உடைந்தால் குதிக்க வேண்டும் அல்லவா,
அதனால்.
ராய்வோவின் வீட்டில் இரண்டு குளிர்காலம்
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.
அதற்கு நான் வைத்திருந்த பெயர் காதல்.

இன்னொரு விதியும் உண்டு:
ஊர்ந்து போ, இல்லையென்றால் விரைந்து போ.
நடுவேகம் ஆபத்து.
அடியில் நீர் அலையாய்த் திரண்டு பனியைப் பிளக்கும்.
நான் ஆறு முறை
நடுவேகத்தில் அவனை விட்டுப் போனேன்.
பெட்டி கட்டி, பேருந்து நிலையம்வரை,
சார்ஜரை மறந்துவிட்டேன் என்று திரும்பி.

இப்போது ஹெல்டுர்.
மாட்டு வைத்தியன். ஏழு மணி என்றால் ஏழு மணி.
வர முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்கிறான்.
என் வயிற்றில் ஒரு சிறகும் படபடப்பதில்லை.
"சலிப்பா?" என்றாள் மால்லே.
தெரியவில்லை.
செவ்வாய்க்கிழமை அவன் படியேறி வந்தபோது
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
கதவைத் தட்டிய பிறகுதான்
ஆள் வந்ததே தெரிந்தது.
என் காது எங்கே போயிருந்தது?
கத்தியை வைத்துவிட்டு
அழுதேன், எதற்கென்று சொல்லத் தெரியாமல்.
அவன் ஒன்றும் கேட்காமல் மீதியை உரித்தான்,
தடித் தடியாக,
பாதிக் கிழங்கு தோலோடு போனது.

இன்று காலை
கைப்பிடியில் புகைமீன்.
கையில் எடுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
முகர்ந்தும் பார்த்தேன்.
பிறகு பதிவேட்டைத் திறந்து
தேதி எழுதினேன்.
இடம்: என் வாசல்.
தடிமன் என்ற கட்டத்துக்கு வந்தபோது
பேனா உறைந்துவிட்டது.
வாயருகே வைத்து
ஊதிக்கொண்டிருக்கிறேன்.