கறை

பாகம் பிரித்ததில் என் பங்குக்கு வந்தவை
ஒரு பீங்கான் தட்டு, இந்தப் படம்.
தட்டில் வத்தல் காய்கிறது.

நெட்டியைச் சீவியதுபோலத் தாள்,
மூச்சு பட்டால் முறுகும்.
காண்டன் துறையில் எவனோ தீட்டியதாம்,
செடிப்பித்துப் பிடித்த ஒரு வெள்ளைக்காரனுக்கு.
வாங்கியவன் பேர் அடியில் பென்சிலில் இருக்கிறது.
தீட்டியவனுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.
கீழக்கரைக்கு எந்தக் கப்பலில் வந்ததோ,
யார் கடனுக்கு ஈடாக வந்ததோ.

சென்னையிலிருந்து வந்த வேதாசலம்
லென்ஸை வைத்துக் குனிந்தார்.
மொட்டு, பூ, பிளந்த காய், விதை,
எல்லாம் ஒரே கொம்பில்.
"ஆர்டர் அப்படிம்மா.
ஒரு வருஷத்தை ஒரே தாளில் கேட்பார்கள்.
எந்த மரமும் இப்படி நிற்காது."
பிறகு, மஞ்சள் இதழோரம் சிவப்பாய் ஒரு தீற்றல்:
"இது கறை. நாலாயிரம் குறையும்."

அஸர் பாங்கு முடிந்திருந்தது.
கொல்லைக் கதவைத் திறந்தேன்.
கடற்காற்றுக்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்த பூவரசு,
மொட்டும் பூவும் காயும்
ஒரே கொம்பில், எந்த ஆர்டரும் இல்லாமல்.
விடிகாலையில் விரிந்த மஞ்சள்
அந்தி வாடையில் செம்மை ஏறும் பூ அது.
இருட்டுவதற்குள் முழுக்கச் சிவந்துவிடும்.
நாளைக்குத் தரையில் கிடக்கும்.

அவர் படத்தைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்தார்.
கொம்பு ஆடியது, படமும் ஆடியது.
இதழோரம் அங்கேயும் அதே தீற்றல்.

காலையில் உட்கார்ந்தவன்
மஞ்சளைக் குழைத்து முடிப்பதற்குள்
பூ அவனை முந்தியிருக்கிறது.
மாற்றி வரையவில்லை,
கண்டதை வைத்துவிட்டான்.

வேதாசலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
நாலே முக்கால்.
"நாலாயிரம்" என்று தொடங்கியவர்
மேலே சொல்லவில்லை.