மைனஸ் ஒன்று

தேடச் சொன்னால் தேடும்.
கிடைத்தால் இடத்தின் எண்ணைச் சொல்லும்,
முதல் இடத்துக்குப் பூஜ்யம்.
பூஜ்யத்தையே இருக்கையாக்கிவிட்டதால்
இல்லை என்று சொல்ல எண் மிச்சமின்றி
ஒரு படி கீழிறங்கி
மைனஸ் ஒன்று என்கிறது.

காசிமேடு. சங்கத்து மாடி.
தடைக்கால நிவாரணப் பட்டியல்
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு வரி.
ஜன்னலுக்குக் கீழே விசைப்படகில்
பச்சை பெயின்ட் இன்னும் காயவில்லை.
தெரியாமல் உட்கார்ந்த காகம்
காலை உதறிக்கொண்டு எழுகிறது.

கவுன்ட்டரில் முதல் ஆள் சௌரியம்மாள்.
ஆதார் அட்டை பால் கவருக்குள்.

மைனஸ் ஒன்று.

“பேர் இல்லம்மா” என்றார் எழுத்தர் தயாளன்.
“போன வருசம் இருந்துச்சே சார்.
இந்த வருசம் நான் எங்க பூட்டேன்?”

நிரல் என்னுடையது.
கேள்வி மெல்ல என் பக்கம் திரும்பியது.

முன்னும் பின்னும் ஒட்டியிருந்த வெற்றிடங்களைச் சீவினேன்.
மைனஸ் ஒன்று.
தலையை விட்டு வாலைத் தேடினேன்: ‘ரியம்மாள்’.
நாற்பத்து மூன்று மரியம்மாள்களுக்கு நடுவே
இரண்டாயிரத்து முந்நூற்றெட்டாம் வரியில்
இருக்கிறாள்,
என் கண்ணுக்கு நேராக.

எழுத்தெழுத்தாகப் பிரித்துப் போட்டேன்.
இயந்திரத்துக்கு உயிர்மெய் தெரியாது.
ஒரு பெட்டியில் உடம்பு, அடுத்ததில் குறி.
புள்ளி வைத்தால் ஒலி குறுகும் என்று படித்தோமே,
இங்கே ச-வைவிட ச் நீளம்.
ஔகாரக் குறி இருக்கவேண்டிய பெட்டியில்
வெறும் ஒற்றைக்கொம்பு.
அதற்கடுத்த பெட்டியில்
சாவகாசமாக ஒரு ள.

செ. ள. ரி.

ராயபுரத்து ஏதோ டிடிபி கடையில்
வரிக்கு இவ்வளவென்று தட்டிய விரல்.
அதைக் குறை சொல்லமாட்டேன்.
அச்சில் இரண்டும் ஒன்றே.
இருப்பதை விட்டு
இருக்கவேண்டியதைப் படித்துவிடுகிறோம் நாம்.
இது மட்டும்
உள்ளதை உள்ளபடி படித்து
ஆளை வெளியே நிறுத்துகிறது.

கொம்பும் ள-வும் சேர்ந்து வந்தால்
ஒரே குறியாக்கு என்றேன்.
வெள்ளையம்மாள் உடைந்துபோனாள்.
தொழில் என்ற பத்தியில்
கெளுத்தி விற்பவர் ஒருவரும் சிதைந்தார்.
“இப்ப வேற ரெண்டு பேரக் காணோம்” என்று முனகினேன்.
“ரொம்பப் பொடிக்கண்ணியா போட்டுட்டியா?”
சௌரியம்மாள்தான் கேட்டாள்.

ள-வின் மேல் புள்ளியிருந்தால் தொடாதே,
வேறு குறி ஒட்டியிருந்தாலும் தொடாதே.
மறுபடி தேடினேன்.

பூஜ்யம்.

திரையோ
பெயர் இல்லை என்றது.

இந்தப் பிழைக்கு ராயபுரம் போகவேண்டாம்.
பூஜ்யத்தைவிடப் பெரிதானால் உண்டு என்று
மார்ச்சில் ஒரு பின்னிரவில்
நான்தான் எழுதிவைத்தேன்.
மற்ற பெயர்களுக்கெல்லாம் முன்னால்
தகப்பனோ கணவனோ
ஓர் எழுத்தும் புள்ளியுமாக நின்று
அவர்களை நாலு இடம் தள்ளிவைத்திருந்தார்கள்;
அதனால் யாரும் தவறவில்லை.
இவள் வரி இவளிலேயே தொடங்குகிறது.

ஒரு சமக்குறி சேர்த்தேன்.

கூடவே முப்பத்தொரு பேர் எழுந்து வந்தார்கள்,
கௌரி, சௌந்திரம், மௌலா பாஷா.
நேற்று இவர்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார் என்று
தயாளன் சொல்லவில்லை.
ஆறிய டீயை மறுபடி ஆற்றினார்.

சௌரியம்மாள் பேனாவை வாங்கி
நாக்கைக் கடித்துக்கொண்டு
நிதானமாகக் கையெழுத்திட்டாள்:
சவுரியம்மா.

மை காய ஊதினாள்.
நான் அதைத் தேடிப்பார்க்கவில்லை.