கடைசி ரயிலிலிருந்து

ஊரைத் தெரிவு செய்வது எனக்குக்
கடைசி ரயிலிலிருந்துதான் தொடங்குகிறது.
அழகெல்லாம் பிறகு.
திரும்பி வர வண்டி எத்தனை மணிக்கு,
அதைத் தவறவிட்டால் இன்னொன்று உண்டா,
நிலையத்துக் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டுமா,
ஏரிக்கரைப் பாதையில் விளக்குகள்
எந்த மரத்தோடு நின்றுபோகின்றன.

சுற்றுலாக் கையேட்டில்
நட்சத்திரம் போட்ட பக்கங்களை
ஒற்றைக் கண்ணால் படிக்கிறேன்.
மற்றக் கண் தேடுவது
முதுகு சுவரில் படும்படி ஒரு கதிரை,
ஒருத்தி மணிக்கணக்காய்ச் சும்மா இருந்தாலும்
ஏனென்று கேட்காத ஒரு வாங்கு.

லொசானை வெட்டினேன்.
நிலையத்தை விட்டு இறங்கியதுமே ஏற்றம்,
முழங்கால் சம்மதிக்காது.
சூரிச்சை வெட்டினேன்.
தெரிந்த முகங்கள் அதிகம்,
'அவர் வரேல்லையோ?' என்று
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் முகங்கள்.
துன்னில் துஷ்யந்தி இருக்கிறாள்.
சோறு போடுவாள், கதை கேட்பாள்,
ஞாயிறு முடிந்துவிடும்.

முர்ட்டனைப் பற்றி
சலவைப் பகுதியில் என்னோடு
ஆஸ்பத்திரி விரிப்புகள் மடிக்கும் வெரேனா சொன்னாள்:
அங்கே ஒன்றுமே நடப்பதில்லை.
அந்த ஒரு வாக்கியத்துக்காக
டிக்கெட் எடுத்தேன்.

ஸ்காபரோவிலிருந்து அக்கா:
'தனியாவோ? என்னத்துக்கு? ஏதும் பிரச்சினையே?'
'ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா,
அதுதான் போறன்.'

மதில்மேல் மரக்கூரை போட்ட நடை.
ஒவ்வொரு பலகையும் நான் வருவதை
அடுத்த பலகைக்குச் சொன்னது.
கீழே ஓட்டுக் கூரைகள்,
யாரோ ஒருவரின் கொடியில் விரிப்புகள்.
பழக்கதோஷம், எண்ணினேன்: ஆறு.
ஒன்றில் காப்பிக் கறை போகவில்லை.
அது என் வேலை இல்லை என்று
என்னை நானே
ஏரிப் பக்கம் திருப்பினேன்.

'ஒரு ஆளா?'
பரிமாறும் பையன் கேட்டான்.
அக்காவின் கேள்விதான்.
ஆனால் இவன் பதிலுக்கு நிற்கவில்லை.
எதிர்ப்பக்கத்துக் கரண்டியையும் கிளாசையும்
எடுத்துக்கொண்டு போய்விட்டான்.
எவ்வளவு பெரிய மேசை!
பாலாடைக் கேக்கை நடுவில் வைத்தேன்,
ஒரு முழங்கையை அந்தப் பக்கம்,
ஒன்றை இந்தப் பக்கம்.
இரண்டாவது துண்டும் சொன்னேன்.
அக்கரைத் திராட்சைச் சரிவில்
வெயில் ஒவ்வொரு வரிசையாய் அணைந்துகொண்டிருந்தது.
வெளிச்சத்தோடு கிளம்ப வேண்டும் என்று
கொப்பியில் முதல் வரியாய் எழுதியிருந்தவள்
நான்தான்.

நிலையத்துக்குப் போகும் பாதை.
ஒரு விளக்கு, பிறகு நெடுந்தூரம் இல்லை.
முன்னால் முதுகுப்பையோடு ஒருத்தி.
என் சப்பாத்துச் சத்தம் கேட்டு
வேகம் கூட்டினாள்.
கை சட்டைப்பைக்குள் போனது.
அந்தப் பிடியை எனக்குத் தெரியும்,
விரல்களுக்கிடையில் திறப்பின் பல்.
இருபது வருசமாய்
இரவு வேலை முடிந்து நான் பிடித்த பிடி.

என்னிடமா?
ஐந்தடி உயரம், வயது நாற்பத்தொன்பது,
கையில் மிச்சக் கேக் பெட்டி.

மெதுவாகப் போனால் வண்டி போய்விடும்.
விரைந்தால் அவள் ஓடுவாள்.
வீதியைக் கடந்து மறுபக்கம் போனேன்.
போதவில்லை.
போனைக் காதில் வைத்து
யாருமில்லாத அழைப்பில்
உரக்கத் தமிழ் பேசினேன்:
'ஓம், சாப்பிட்டிட்டன்.
ஓம், வெளிச்சம் இருக்கு.
இல்லை, பயமில்லை.
இங்க இன்னொரு பிள்ளையும் போகுது.'

ஒரு சொல்லும் விளங்கியிராது.
தோள் இறங்கியது,
கை வெளியே வந்து
பக்கத்தில் ஆடத் தொடங்கியது.

மேடையில் ஒரே விளக்கின் கீழ்
பத்து அடி தள்ளித் தள்ளி நின்றோம்.
தலையசைத்தாள்.
வண்டி வந்தது.
அவள் முன் பெட்டி, நான் பின் பெட்டி.

கொப்பியைத் திறந்தேன்.
கழிப்பறை: ஒரு பிராங்க்.
வாங்கு: தண்ணீரைப் பார்த்தபடி நான்கு.
கேக்: இரண்டு துண்டு.
இரவுப் பாதை பயமா
என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தபடி இருந்தேன்,
பெர்ன் வரும்வரை.