தாளம் எக்கட?

முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம்
கார்வேட்டிநகரத்திலிருந்து மூன்று வேன்.
முதலில் இறங்கியவர் என்னிடம் வந்து
‘தாளம் எக்கட?’ என்றார்.

பள்ளிப்பட்டுக்கு நான் வந்து பதினோரு நாள்.
மண்டப மேனேஜர் என்று பெயர்,
அண்டா எண்ணுவது வேலை.
மானாமதுரைக் காதோடு மேளக்காரர்களிடம் ஓடி
ஒரு ஜோடி பித்தளைத் தாளம் வாங்கி வந்து
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அதைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
பிறகு சாமான் அறைக் கதவைப் பார்த்தார்.

பூட்டு கேட்டிருக்கிறார் மனிதர்.

தவில் இருசப்பன் சிரித்துச் சிரித்து இருமினார்:
‘அவங்க தாளம் போட்டா கதவு மூடும் சார்,
நாம போட்டா வயிறு காயும்.’

அதற்குப் பிறகு எந்தச் சொல்லையும்
நம்பி வாங்க முடியவில்லை.
மாப்பிள்ளைக்குச் சுரம் என்றார்கள்,
நூற்றியிரண்டு.
நாயனக்காரர் சீவாளியை நனைத்தபடி
‘ஒண்ணுதானே, என்கிட்ட ஏழு இருக்கே’ என்றார்.
நாலு மணி நேரம் ஒரே மூச்சில் ஒத்து ஊதிய பையனுக்கு
முந்நூறு ரூபாய் எழுதினேன்.
அதே வேலையை வாயால் செய்கிற ஒருவர்
முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.
ஜெனரேட்டருக்குப் பின்னால்
மாமன்மார்கள் சுதி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணி இருக்கும்.
சம்பந்தி நாகபூஷணம் தொண்டையைச் செருமி
‘ஒரு சங்கதி’ என்றார்.

ஒரு புல்லட் வண்டி.
பேச்சு சுற்றி வந்தது.
புல்லட் வண்டி, கூடவே ஐந்து சவரன்.
மறுபடி சுற்றி வந்தது.
புல்லட், ஐந்து சவரன்,
நகரி ரோட்டில் பெண் பேரில் கிடக்கும் மூன்று சென்ட்.
அதே வரி.
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகை பூட்டிக்கொண்டு.
கச்சேரியில் இதற்குக் கை தட்டுவார்கள்.

பெண்ணின் அப்பா ஏகாம்பரம்
இழுத்துக் கட்டிய தோலாக நின்றார்.
இந்தப் பக்கம் சம்பந்தி.
அந்தப் பக்கம் சொந்தத் தம்பிகள்,
‘குடுத்துடுண்ணா, ஊர் சிரிக்கும்.’
இடி எந்தப் பக்கம் விழுந்தாலும்
சத்தம் அவரிடமிருந்துதான் வந்தது,
சின்னதாக, ‘சரி’ என்று பாதி வரை.

அவர்கள் வேனோட்டி என் காதோரம் சொன்னான்:
‘சுருதி மிஞ்சி ராகான படிந்தி.’
மொழி புரியாமலே புரிந்தது.

அப்போது ஜமுனா வந்தாள்.
ஒரு கையில் மருதாணி முடிந்திருந்தது,
மற்றதில் பாதிக் கொடியோடு நின்றிருந்தது.
நேராக என்னிடம்:
‘அண்ணா, தாளம் எங்கே?’

இந்தத் தடவை நான் மேளக்காரர்களிடம் ஓடவில்லை.

சீர்வரிசை அறையைச் சாத்தினாள்.
பூட்டினாள்.
இழுத்துப் பார்த்தாள், இரண்டு முறை.
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
இருசப்பனிடம் திரும்பி
‘மங்களம் வாசிங்க’ என்றாள்.

அதற்கு இரண்டு கரையிலும் ஒரே அர்த்தம்.
யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை.

வாசித்தார்கள்.
இரவு பதினொன்று நாற்பதுக்கு,
ஒரு வரி குறைக்காமல், நிதானமாக.
எவ்வளவு கெட்ட வார்த்தை பறந்ததோ,
தவில் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.
தாலி இல்லாத கெட்டிமேளம்
அன்றுதான் கேட்டேன்.

வேன்கள் பின்னோக்கி நகர்ந்தன.
கடைசி வேனில் போர்வைக்குள் மாப்பிள்ளை
கையைக் கொஞ்சம் தூக்கினான்.
யாருக்கென்று தெரியவில்லை.
சுரமாகவும் இருக்கலாம்.

மறுநாள் கணக்கெழுதினேன்.
மேளத்துக்கு முழுப்பணம்.
அட்வான்ஸ் திருப்ப வேண்டுமா
என்று முதலாளியைக் கேட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பூட்டு ஒன்று குறைவு:
ஜமுனா எடுத்துப்போய்விட்டாள்.

நான் திருப்பித் தர மறந்த பித்தளை ஜோடி
மேஜை டிராயரில் கிடக்கிறது.
ரசீது புத்தகம் எடுக்க இழுக்கும்போதெல்லாம்
ஒன்றை ஒன்று தொட்டு
ணிங் என்கிறது.

டிராயருக்குத் தாளம் இல்லை,
அவர்கள் சொல்கிற அர்த்தத்தில்.