கடிப்பதா, கம்மென்று இருப்பதா

ஞாயிற்றுக்கிழமை துடைத்த துணியில்
முன்சக்கரத்துப் பக்கம் மட்டும் கரிக்கறுப்பு.
சேறில்லை. எண்ணெயில்லை.
ராமமூர்த்தி நகரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை
இந்த வாரம் நான் நின்ற இடங்களெல்லாம்
பொடியாகி ஒட்டியிருக்கின்றன.
டின் ஃபேக்டரியில் கொஞ்சம்.
மாரத்தஹள்ளிப் பாலத்தடியில் கொஞ்சம்.
பெள்ளந்தூரில் ஒரு ஸ்கூல் வேன்
காரணமே இல்லாமல் நின்றதே, அதில் கொஞ்சம்.
சில்க் போர்டுக்கு மட்டும்
தனியாக ஒரு வாளித் தண்ணீர் வேண்டும்.

போவதற்குப் பெட்ரோல் எவ்வளவென்று
பைசா சுத்தமாக எனக்குத் தெரியும்.
நிற்பதற்கு எவ்வளவு ஆகிறதென்று
கணக்குப் பார்த்ததில்லை.

ஜே.சி. ரோட்டில் நிசார் பாயின் கடை
ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலம்.
மூன்று அட்டைப்பெட்டிகளை
புடவை விரிப்பதுபோல் ஒவ்வொன்றாகத் திறந்தார்.
"இது மெட்டல் கலந்தது மேடம். சட்டுனு பிடிக்கும்.
ஆனா டிஸ்க்கையும் திங்கும், வீலையும் கறுப்பாக்கும்.
இது ஆர்கானிக். மெத்துனு இருக்கும், சீக்கிரம் தேயும்.
இது செராமிக். தூசி கம்மி, சத்தம் கம்மி.
காலைல மொத பிரேக்கு மட்டும்
கொஞ்சம் யோசிச்சுட்டுப் பிடிக்கும்."
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
"சொல்லுங்க. கடிக்கிறது வேணுமா,
கம்முனு இருக்கிறது வேணுமா?"

வருஷா வருஷம் மார்ச் மாதம்
கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
என்னிடம் கேட்பதும் இதைத்தான்,
வேறு சொற்களில்.

"தூசியே இல்லாதது கிடையாதா?"

நிசார் பாய் சிரிக்கவில்லை.
"தேயாம எப்படி மேடம் நிக்கும்?
இதுலயும் வரும். வெளுப்பா இருக்கும்.
ஒட்டாது, பறந்துடும்."

எங்கே பறக்கும் என்று வாயெடுத்தேன்.
கிளட்ச் கேபிள் கேட்டு ஓர் ஆட்டோக்காரர்
என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார்.

செராமிக்கே வாங்கினேன்.

ஹொரமாவில் முனிராஜு சக்கரத்தைக் கழற்றி
பழைய பேடை என் உள்ளங்கையில் வைத்தார்.
பிஸ்கெட்டைவிட மெலிசு.
"மிச்சமெல்லாம் ரோட்ல இருக்கு அக்கா."
புதியதைப் பொருத்திவிட்டுச் சொன்னார்:
"அறுபதுல போய் பத்துக்கு இறக்கணும்.
முழுசா நிக்கக் கூடாது. பத்து தடவ.
அப்பத்தான் பேடும் டிஸ்க்கும்
ஒண்ணுக்கொண்ணு பழகும்."

அறுபதா?
இந்த ஊரிலா?

அவரும் ஸ்பேனரால் முதுகைச் சொறிந்தபடி
யோசித்தார்.
"விடியக்காலம் நாலரைக்கு. பாகலூர் ரோடு."

நாலரைக்குப் போனேன்.
ஒரு பால் வண்டி. மூடிய பேக்கரி.
எனக்கு முன்னால் யாருமே இல்லாத சாலை;
அதில் எப்படி ஓட்டுவதென்றே
கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.
அறுபது, பத்து. அறுபது, பத்து.
நிற்கப் பழக்குவதற்கு
இவ்வளவு ஓட வேண்டியிருக்கிறது.
சூடேறிய சட்டி வாசனை காருக்குள் வந்தது.
ஏழாவது தடவை குறுக்கே ஒரு நாய்.
முழுசாக நின்றேன்.
அதை முனிராஜுவிடம் சொல்லவில்லை.

இப்போது துணியில்
சலித்த சாம்பல் நிறத்தில் ஒரு தடம், அவ்வளவுதான்.
"வீல் புதுசா?" என்கிறாள் மாடிவீட்டு தாமினி.
ஆமாம் என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது.

நேற்று டின் ஃபேக்டரியில்
என் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி
டிராபிக் கான்ஸ்டபிள்.
வெள்ளைச் சட்டை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்,
விரித்துப் பார்த்தார்,
கறுத்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து
பையில் வைத்துக்கொண்டார்.
பிறகு என்னைப் பார்த்து
வா வா என்று கையாட்டினார்.

நாலடி நகர்ந்தேன்.
பிரேக்கை அழுத்தினேன்.
சத்தமே இல்லை.